இல்லைக்குப் பிறகு ஒரு வார்த்தை

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஏழு வயது. காலையில் கண் விழிப்பதற்கு முன்பே வாய் விழித்துக்கொள்ளும். பல் தேய்க்கும்போதுகூட நுரைக்கு நடுவே எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். காய்ச்சல் வந்தால் சத்தம் கொஞ்சம் குறையும், நிற்காது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. உங்கள் மகள் வகுப்பில் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறாள். ஆகவே வரும் திங்கட்கிழமை முதல் அவளை இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு இறக்கலாம் என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்து பேசவும்.

கடிதத்தைப் படித்துப் பொருள் சொன்னவன் பிள்ளையின் தாய்மாமன். பார்சல் வேன் ஓட்டுகிறவன். அக்கா குடும்பம் இந்தத் தேசத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இவன் வந்து ஐந்து வருடம். அந்த ஐந்து வருட இங்கிலீஷை முழுவதுமாக அட்டைப்பெட்டிகளின் மேலிருந்தே படித்துக்கொண்டவன் என்பதால் வீட்டில் அவனுக்கு டிக்‌ஷனரி என்று பட்டம்.

"வேற யாரு பிள்ளைக்கோ வந்த லெட்டரா இருக்கும்டா. நல்லாப் பாரு" என்றாள் அக்கா. வேலையிலிருந்து வந்து ஈரக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முனையிலிருந்து சமையலறைத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பேரு நம்ம பிள்ள பேருதான்க்கா. எழுத்துப் பிழைகூட இல்ல."

"பேசறதில்லயாமா? இவளா?"

மேசைக்கு அடியிலிருந்து ரேடியோ தலையை நீட்டினாள். "அம்மா, ஒண்ணாங் கிளாஸ் நாற்காலி எல்லாம் இத்துனூண்டு தெரியுமா? என் முட்டி இடிக்கும். அங்க ஒரு பையன் எப்பவும் அழுதுட்டே இருப்பான். அவன் ஷூ ரெண்டும் ஒரே காலுக்குள்ளது. அப்புறம் அங்க ஜன்னல்ல…"

"கொஞ்சம் நிறுத்துடி. டீச்சர் கேள்வி கேட்டா நீ பதில் சொல்றது இல்லயா?"

"சொல்றேனே."

"என்ன சொல்ற?"

"கேக்கறதுக்குத் தகுந்த மாதிரி சொல்றேன்."

"தெரியாதுன்னு சொல்றியாம்?"

"நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே." சொல்லிவிட்டு, வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்தாள். எலிஃபன்ட், அம்ப்ரெல்லா, லேடர், பக்கெட் என்று மூச்சு வாங்காமல் முப்பது நாற்பது சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடியும் ஆரம்பித்தாள்.

அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை.

"டீச்சர் திட்டுவாங்களாடி?"

"சேச்சே, ரொம்ப நல்லவங்கம்மா. என்னைக் கேப்பாங்க, நான் சொல்லுவேன், உடனே என் தலையத் தடவிட்டு அடுத்த பிள்ளைகிட்டப் போயிருவாங்க."

அன்று சாயங்காலம் லாரியோடு எங்கோ ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அப்பாவிடம் போனில் விஷயம் சொல்லப்பட்டது.

"இதுக்கா அழுவற? என்னை நாலாங் கிளாஸ்ல ரெண்டு வருஷம் போட்டாங்க. இப்ப நான் லாரி ஓட்டாமலா போயிட்டேன்?"

"உங்களுக்குப் பாடம் நிஜமாவே தெரியலங்க. இவளுக்குத் தெரியுதே!"

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. "உன் தம்பிய விட்டுப் பேசச் சொல்லு. அவன்தான் பெரிய டிக்‌ஷனரியாச்சே."

டிக்‌ஷனரிக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிள்ளையை எதிரே நிறுத்திக்கொண்டான்.

"இங்க பாரு கண்ணு. இங்கிலீஷ் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. எதைக் கேட்டாலும் எஸ் மிஸ்னு சொல்லு. அவ்வளவுதான்."

"எதைக் கேட்டாலுமா மாமா?"

"எதைக் கேட்டாலும். அஞ்சு வருஷமா நான் அதைத்தான் சொல்றேன். நோன்னு சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்க. எஸ்னு சொன்னா சிரிச்சிட்டுக் கதவ மூடிருவாங்க. எங்க சொல்லு?"

"எஸ் மாமா."

"பாத்தியாக்கா? அரை நிமிஷத்துல பிடிச்சிக்கிட்டா!"

அக்காவுக்கு ஏனோ அது சரியாகப் படவில்லை. ஆனால் தனக்குத் தெரியாத விஷயத்தில் எப்படிக் குறை சொல்வது என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத பெரிய அறை. மேலே இருநூறு அறைகளில் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் குழாய் வழியாகச் சரிந்து வந்து விழும். வெளுத்து, பிழிந்து, சுடுகிற ரோலருக்குள் ஒரு பக்கம் நுழைத்தால் மறுபக்கம் அப்பளம் மாதிரி விறைத்து வெளியே வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து மடிக்க வேண்டும். அவளுக்கு ஜோடியாக மடிப்பவள் வேறு ஏதோ தேசத்துக்காரி. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் ஆறு மாதத்தில் ஒரு விரிப்பு தரையில் விழுந்ததில்லை. ஒருத்தி கை உயர்ந்தால் மற்றவள் கை தானாகத் தாழும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மடித்த விரிப்பை அடுக்கில் வைக்கும்போது மேலே ஒருமுறை உள்ளங்கையால் தடவி, இதில் படுக்கிறவர் யாராக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கட்டும் கடவுளே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, நானூறு தடவை. கடவுளுக்கும் சலிக்கவில்லை, அவளுக்கும் சலிக்கவில்லை. அந்த வாரம் மட்டும் வேண்டுதல் கொஞ்சம் நீண்டது. நிம்மதியாகத் தூங்கட்டும் கடவுளே, என் பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கட்டும். ஜோடிக்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்க வார்த்தை இல்லாததால், பாரமான ஈர மூட்டைகளை அந்த வாரம் முழுவதும் தானே இழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை டிக்‌ஷனரி படிக்கப் படிக்கக் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"சத்தமாப் படிடா."

"உங்கள் மகள் நீலச் சாயத்தைத் தரையில் கொட்டியதை ஒப்புக்கொண்டாள். பசை தின்றதையும் ஒப்புக்கொண்டாள். நர்ஸ் நாக்கைப் பார்த்துவிட்டு நிறையத் தண்ணீர் கொடுத்தார். கவலை வேண்டாம்…"

"பசையா!"

"பொறுக்கா, இன்னும் இருக்கு. இந்த வகுப்பில் இருக்க உனக்கு இஷ்டமில்லையா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றாள்."

அம்மா மெல்லத் திரும்பினாள். "சாயத்த நீயாடி கொட்டின?"

"இல்லம்மா. பக்கத்து பெஞ்சுப் பையன் கொட்டினான். நான் துணி எடுத்துட்டு வந்து துடைச்சேன்."

"பின்ன எதுக்கு ஆமான்னு சொன்ன?"

"மாமாதான் எதைக் கேட்டாலும் எஸ் மிஸ்னு சொல்லச் சொன்னாங்க."

டிக்‌ஷனரி டீ கிளாசுக்குள் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்."

"அக்கா, டீ ஆறிப்போவுது."

"ஆறட்டும். அஞ்சு வருஷம் வேன் ஓட்டி நீ படிச்சது இதுதானா? பெட்டிக்குத்தான்டா எஸ் சொன்னா கதவ மூடுவாங்க. பிள்ளைக்குச் சொன்னா பிள்ளைய வெளிய வச்சில்ல மூடுறாங்க!"

ரேடியோ அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை. அவளிடமிருந்து சத்தமில்லாமல் எதுவும் வந்து அந்த வீட்டார் பார்த்ததே இல்லை. "அந்த கிளாஸ்தாம்மா எனக்கு வேணும்" என்றாள். "மிஸ் பக்கத்துலதான் எனக்கு இடம்."

டிக்‌ஷனரி எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். "வெள்ளிக்கிழமை நானும் வரேன்க்கா. டெலிவரிய அப்புறம் பாத்துக்கறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் மதிய இடைவேளையை விட்டுக்கொடுத்து, இரண்டரை மணிக்கு ரோலரை ஜோடிக்காரியிடம் கைகாட்டிவிட்டு, திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். மழை விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு டிக்‌ஷனரி காத்திருந்தான். கம்பெனித் தொப்பியைக் கழற்றித் தலையை வாரியிருந்தான்.

சந்திப்பு இரண்டாம் வகுப்பு அறையிலேயே. பெரியவர்களுக்கான நாற்காலி ஒன்றுதான். அதில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, கையில் பேனா, எதிரே ஒரு படிவம், மூன்றரைக்கு வேறு எங்கோ போக வேண்டிய முகம். மற்ற மூவரும் குழந்தை நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். டீச்சர் சின்னப் பெண். மெலிந்த உடம்பு. கண்ணைச் சுற்றிக் களைப்பு. பிள்ளையை வராந்தாவில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

பேச்செல்லாம் இங்கிலீஷில். டிக்‌ஷனரி தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை எடுத்துவிட்டான்.

"மேடம். சைல்ட் ஈஸ் ஃப்ராஜைல். ஹேண்டில் வித் கேர்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பிறகு, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொன்னார்: "கீழ் வகுப்பு அவளுக்கு நல்லது. சுலபமாக இருக்கும். உங்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லைதானே?"

"உனக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லதானேன்னு கேக்குறாங்கக்கா" என்றான் தம்பி, வாயைக் கையால் மறைத்து.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இல்லையா? ஆட்சேபம் இல்லையா? மலை மாதிரி இருக்கிறதே! இதற்குத் தம்பி எதற்கு, தானே சொல்வோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, சின்ன மேசையில் தட்டி, "நோ!" என்றாள்.

தலைமையாசிரியை முகம் மலர்ந்தது. ஆட்சேபம் இல்லை என்று படிவத்தில் எழுதினார்.

"நோ! நோ! நோ!"

"ஒருமுறை சொன்னால் போதும் அம்மா. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. டீச்சர் மட்டும் அதைப் பார்த்தாள். வாய் சொல்வதற்கும் கண் சொல்வதற்கும் பொருத்தமில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு, மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு இதில் சந்தோஷம் இல்லைதானே?"

தம்பி சொல்வதற்குள் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. அப்பாடா, ஒருத்தியாவது புரிந்துகொண்டாளே! "எஸ்!" என்றாள் விம்மலோடு. "எஸ், எஸ்!"

"பார்த்தாயா, சந்தோஷம் என்கிறார்" என்றார் தலைமையாசிரியை, கையெழுத்துப் போடக் குனிந்தபடி.

"ஒரு நிமிஷம்" என்று டீச்சர் படிவத்தின்மேல் கையை வைத்தாள். மேலதிகாரியின் காகிதத்தின்மேல் கை வைப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை போலும். டிக்‌ஷனரியிடம் திரும்பினாள். "உங்கள் மொழியில் ஒருவரைக் கோபம் இல்லைதானே என்று கேட்டால், கோபமாக இருப்பவர் என்ன பதில் சொல்வார்?"

பெட்டியில் இல்லாத கேள்வி. டிக்‌ஷனரி தலையைச் சொறிந்துகொண்டு, தெரிந்த நாலு வார்த்தைகளைத் தட்டுத்தடுமாறிச் சேர்த்துச் சொன்னான்: "நோ… ஆங்க்ரி."

"கோபமே இல்லாதவர்?"

"எஸ்… நாட் ஆங்க்ரி." கையை விரித்தான். "நீங்க சொல்றது சரின்னா எஸ். தப்புன்னா நோ. இதுல என்ன இருக்கு மேடம்?"

டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பிள்ளையை அழைத்துவந்து, சுவரிலிருந்த யானைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, தினமும் கேட்பதுபோலவே, அதே இளகின குரலில் கேட்டாள்.

"இது என்னவென்று உனக்குத் தெரியாதுதானே கண்ணு?"

புது தேசத்துக்கு வந்த பிள்ளை மனம் நோகக் கூடாதே, தெரியாவிட்டால் தப்பித்துக்கொள்ள வழி இருக்கட்டுமே என்றுதான் அவள் எப்போதும் அப்படிக் கேட்டுவந்தாள். இரக்கத்திலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கும் என்று யார் கண்டது?

"நோ மிஸ்" என்றாள் பிள்ளை.

வழக்கப்படி தலையைத் தடவுவதற்கு டீச்சரின் கை உயர்ந்தது. பாதியில் அதை இழுத்துக்கொண்டாள். காத்திருந்தாள். கண்ணாடி ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. டிக்‌ஷனரி மூச்சை அடக்கினான். வரவேண்டிய கை வராததால் பிள்ளை குழம்பிப்போய் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, மீதியைச் சொன்னாள்.

"ஐ நோ. எலிஃபன்ட்."

இல்லைக்கும் தெரியும் என்பதற்கும் இங்கிலீஷ்காரர்கள் ஒரே சத்தத்தை வைத்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? இல்லை, எனக்குத் தெரியும் என்று ஆறு மாதமாக அவள் சொல்லியிருக்கிறாள். முதல் வார்த்தை முடிந்ததுமே தலையைத் தடவிவிட்டு அந்த அன்பான கை நகர்ந்துபோயிருக்கிறது.

"இது உனக்குத் தெரியாதுதானே?" குடையைக் காட்டினாள்.

"நோ மிஸ்." காத்திருப்பு. "அம்ப்ரெல்லா."

ஏணி. வாளி. தேனீ. பாலம். பதினைந்தாவது படத்தில் தலைமையாசிரியை பேனாவை மூடினார். "இரு, இரு. நீ சாயத்தைக் கொட்டவில்லைதானே?" என்று தானே கேட்டார்.

"எஸ் மேடம்." எல்லோரும் காத்திருக்கவே பிள்ளைக்குத் தைரியம் வந்தது. "நாட் மீ. ஐ க்ளீன்."

"பசையும் தின்னவில்லைதானே?"

"நோ மேடம்…"

காத்திருந்தார்கள்.

"ஒன்லி லிட்டில்."

"அடிப்பாவி!" என்றாள் அம்மா தமிழில்.

தலைமையாசிரியை இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது. "எனக்கு ஒன்றே ஒன்று சொல்" என்றார் டீச்சரிடம். "இவளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை" என்றாள் டீச்சர். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இல்லை. பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை கேள்வியில் இல்லை என்பதே வராதபடி, கையால் காட்டிக் காட்டிக் கேட்டாள். "இங்கே என்னோடு இருக்கிறாயா? அங்கே கீழ் வகுப்புக்குப் போகிறாயா? எது வேண்டும்?"

ரேடியோ ஒரு விரலை நீட்டி டீச்சரைத் தொட்டாள். பிறகு அதற்குப் பக்கத்தில் தரையைத் தொட்டாள். "மிஸ் ஹியர். மீ ஹியர்."

படிவத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தமான கோடு.

"இனிமேல் எந்தப் பிள்ளை பதில் சொன்னாலும் பத்து எண்ணும்வரை நகரப்போவதில்லை" என்றாள் டீச்சர். "இருபது எண்ணு" என்றார் தலைமையாசிரியை. அவருக்கு மூன்றரை மணி மறந்துபோயிருந்தது.

டீச்சர் டிக்‌ஷனரியை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவன் சொல்லிக் கொடுத்ததை இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"கோபம்… இருக்கா?"

அவள் வாயில் தமிழைக் கேட்டதும் அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இல்லம்மா" என்றாள்.

டீச்சர் காத்திருந்தாள். அன்றைக்குத்தான் கற்றுக்கொண்ட பாடம் அல்லவா? கண் கொட்டாமல், மரியாதையாக, மீதிக்காகக் காத்திருந்தாள்.

அம்மாவிடம் மீதி எதுவும் இல்லை. கோபம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒருத்தி இவ்வளவு பொறுமையாக நிற்கும்போது அவளை வெறுங்கையோடு அனுப்புவதா? அந்த ஒட்டிப்போன முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

டீச்சர் திகைத்து டிக்‌ஷனரியைப் பார்க்க, அவன் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள். "மிஸ், மை அம்மா ஆஸ்கிங், யூ ஈட் லஞ்ச்?"

தலைமையாசிரியைக்கு முன்னால் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

"நோ" என்றாள் டீச்சர்.

இப்போது எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அது வெறும் இல்லைதான். மதியம் முழுவதும் வயிற்றுவலி என்று அழுத ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததில் அவள் சாப்பிடவே இல்லை.

அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். சோறும், வேகவைத்த முட்டையும், கொஞ்சம் பீன்ஸும். குழந்தைகள் வண்ணம் கலக்கும் தட்டுகளில் கழுவி வைத்திருந்த ஒன்றை டிக்‌ஷனரி எடுத்து வந்தான். டீச்சருக்கு வைத்தாகிவிட்டது. அம்மா கரண்டியோடு தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள்.

"நோ, நோ, தேங்க் யூ" என்றார் அவர், இரண்டு கையையும் விரித்து.

அம்மா நகரவில்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஏழு வந்தபோது தலைமையாசிரியை கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒன்லி லிட்டில்" என்றார்.